வேலை போன பிறகு 30 நாள்: கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம்!

2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ந்தேதி. திங்கட்கிழமை. பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோடு அடைபட்டுப் போயிற்று. பஸ் நகரவில்லை. லாரி நகரவில்லை. ரோட்டை மறித்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் தையல் மிஷின் ஓட்டுகிறவர்கள்.

சம்பள உயர்வு கேட்டு வந்தார்களா? இல்லை. போனஸ் கேட்டு வந்தார்களா? அதுவும் இல்லை. "எங்கள் பி.எப். பணத்தில் கை வைக்காதே" என்று கேட்டு வந்தார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. வேலையை விட்ட தொழிலாளி தன் பங்குப் பணத்தை மட்டும் எடுக்கலாம். முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை தொட முடியாது என்பது அதன் சாரம். பொம்மனஹள்ளியில் தொடங்கிய போராட்டம் மறுநாள் ஜாலஹள்ளி, பீனியா, ஹெப்பகோடி என்று பரவியது. பஸ்கள் எரிந்தன. தடியடி நடந்தது. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்று மாலைக்குள், அதாவது 19-ந்தேதியே, அந்த அறிவிப்பை மத்திய அரசு வாபஸ் பெற்றது.

எந்தப் பெரிய சங்கமும் தேதி குறித்து அழைக்காத போராட்டம் அது. ஏன் அவ்வளவு கோபம்? வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஹொங்கசந்திரா, கார்வேபாவிபாளையா பக்கம் லைன் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். பி.எப். என்பது முதுமைக்கான சேமிப்பு என்று சட்டம் சொல்கிறது. தொழிலாளிக்கோ அது வேலை போன மாதத்தில் வாடகை கொடுக்கும் பணம். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மருந்து.

வேலை இழந்தவனுக்கு வேறு பாதுகாப்பு நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது. ஆனால் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலருக்குக் கிடைப்பதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, காத்திருப்புக் காலம். இரண்டாவது, வேலையை விட்டுப் போகும் நாளில் நாம் போடும் ஒரு கையெழுத்து.

ஈ.எஸ்.ஐ.யில் ஒரு மூலை

ஈ.எஸ்.ஐ. என்றால் இந்திரா நகர் ஆஸ்பத்திரி, ராஜாஜி நகர் ஆஸ்பத்திரி என்றுதான் நாம் நினைக்கிறோம். மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் உறுப்பினர்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். 15 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு 112 ரூபாய் 50 காசு பிடித்தம். சம்பளச் சீட்டில் அது ஒரு சின்ன வரி.

அந்தச் சின்ன வரிக்குள் மருத்துவம் மட்டுமல்ல, வேலை போனால் கொடுக்கும் உதவித்தொகையும் இருக்கிறது. அதற்கு இரண்டு திட்டங்கள்.

முதலாவது, 2005-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கிய ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. தொழிற்சாலை மூடப்பட்டாலோ, சட்டப்படி ஆள்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குச் சம்பந்தம் இல்லாத விபத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை செய்ய முடியாமல் போனாலோ இது பொருந்தும். தொடக்கத்தில் ஆறு மாதம்தான் கொடுத்தார்கள். பிறகு படிப்படியாக இரண்டு வருடம் வரை நீட்டினார்கள். முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி. அடுத்த 12 மாதம் கால் பங்கு. இவ்வளவு பெரிய உதவி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது, 2018-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இதில் தொகை சிறியது. வாசல் கொஞ்சம் அகலம். தொழிற்சாலை முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஆயுளில் மொத்தம் 90 நாட்களுக்குத்தான் கிடைக்கும்.

காத்திருப்பு எதற்கு?

அடல் திட்டம் வந்தபோது, வேலை போய் 90 நாள் கழிந்த பிறகுதான் பணம் கேட்க முடியும் என்று விதி இருந்தது. கொடுத்ததும் சராசரிச் சம்பளத்தில் கால் பங்குதான். அதற்கும் பழைய முதலாளியின் மூலமாகவே மனு போக வேண்டும். வெளியே அனுப்பியவரிடமே போய், "ஐயா, எனக்கு உதவித்தொகை வாங்கக் கையெழுத்துப் போடுங்கள்" என்று நிற்க வேண்டும். எத்தனை பேர் போவார்கள்?

கொரோனா வந்தது. 2020 மார்ச் 24-ந்தேதிக்குப் பிறகு நாடே அடைபட்டது. ஓசூர் ரோட்டில் பிள்ளை குட்டிகளோடு ஊருக்கு நடந்தவர்களை நாம் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் விதி மாறியது. 2020 ஆகஸ்டில் கூடிய ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கூட்டம் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தது. கால் பங்கு பாதி ஆனது. 90 நாள் காத்திருப்பு 30 நாள் ஆனது. முதலாளியிடம் போகாமல் தொழிலாளியே நேராக மனுக் கொடுக்கலாம் என்றும் ஆனது.

முப்பது நாளாவது ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். இன்ஷூரன்ஸ்காரர்களின் நியாயம் இதுதான்: ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகும் நடுவே பத்து நாள், பதினைந்து நாள் இடைவெளி எல்லோருக்கும் வரும். அதற்கெல்லாம் பணம் கொடுத்தால் நிதி தாங்காது. உண்மையாகவே வேலை இல்லாதவர் யார் என்று பார்க்கவும் கொஞ்சம் நாள் வேண்டும்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. 1911-ம் ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த வேலையின்மை இன்ஷூரன்சிலும் முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது. அதன் பிறகு வாரம் ஏழு ஷில்லிங். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952-ம் ஆண்டு வகுத்த சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை, வேலையின்மைக்குக் காத்திருப்பு ஏழு நாள் இருக்கலாம் என்று சொல்கிறது.

அங்கே ஏழு நாள். இங்கே முப்பது நாள். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கேட்கும் வீட்டுக்காரர் முப்பது நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். அட்வான்சில் கழித்துக்கொள்வார். இல்லாவிட்டால் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். காத்திருப்பின் உண்மையான விலை அந்த வட்டிதான்.

எவ்வளவு கிடைக்கும்?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கடைசி நான்கு சந்தாக் காலங்களில், அதாவது இரண்டு வருடங்களில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுக்க வேண்டும். அதில் பாதிதான் ஒரு நாள் உதவித்தொகை.

இரண்டு வருடமும் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாங்கிய ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3 லட்சத்து 60 ஆயிரம். 730-ஆல் வகுத்தால் நாளுக்கு 493 ரூபாய். அதில் பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்கு ஏறக்குறைய 22 ஆயிரத்து 190 ரூபாய். பழைய விதிப்படி இதில் பாதிதான் வந்திருக்கும்.

இதைக் கேட்க என்ன தகுதி வேண்டும்? குறைந்தது இரண்டு வருடமாவது ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்திய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று.

முன்கூட்டிக் கேட்க முடியாது. வேலையில்லாமல் கழிந்த நாட்களுக்குத்தான் கேட்கலாம். ஸ்டிரைக், கதவடைப்பு நாட்களுக்கு இது கிடையாது. பொய் சொல்லி வாங்கினால் வழக்கு வரும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இது நிரந்தரத் திட்டம் அல்ல. இரண்டு வருடச் சோதனையாகத் தொடங்கி, கெடு முடிய முடிய நீட்டிக்கப்பட்டு வந்தது. 2024 ஜூன் 30-ல் முடிந்த கெடு 2026 ஜூன் 30 வரை நீட்டப்பட்டது. ஆகவே மனுக் கொடுக்கும் நாளில் கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தகராறு எங்கே வருகிறது?

வேலை போகும் நாளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆர்டர் குறைகிறது. அல்லது பெங்களூரில் கூலி, வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி மாவட்டங்களுக்கு நகர்கிறது. லைன் லைனாக மிஷின்கள் போகின்றன. "அங்கே மாற்றல் தருகிறோம், வருகிறாயா?" என்கிறார்கள். புருஷன் கட்டட வேலை, பிள்ளைகள் பொம்மனஹள்ளி பள்ளிக்கூடம். எப்படிப் போவது?

அப்போது ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள். அச்சடித்த காகிதம் ஒன்று மேஜையில் இருக்கும்.

"இதிலே ஒரு கையெழுத்துப் போடும்மா. இன்றைக்கே உன் கணக்கு முடிந்துவிடும்."

"இதிலே என்ன சார் எழுதியிருக்கு?"

"எல்லோருக்கும் ஒரே காகிதம்தான்மா. போட்டுவிட்டுப் போ. பின்னாலே ஆள் நிற்கிறாங்க."

அந்தக் காகிதத்தில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதியிருப்பது: "சொந்தக் காரணங்களால் நான் வேலையை ராஜினாமா செய்கிறேன்."

அங்கேதான் எல்லாம் போய்விடுகிறது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கும், தானாக விரும்பி ஓய்வு பெற்றவருக்கும் அடல் திட்டத்தில் பணம் கிடையாது. ராஜினாமாக் கடிதம் இருந்தால் "நீயாகப் போனவர்தானே?" என்ற கேள்வி எழுகிறது. ராஜீவ் காந்தி திட்டமோ ஆலை மூடல், ஆள்குறைப்பு என்ற காகிதம் இல்லாமல் நகரவே நகராது.

கம்பெனி மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. கணக்கில் சந்தாவைப் பதியும்போது, சம்பளம் இல்லாதவருக்கு எதிரே ஒரு காரணம் எழுதுகிறது. 'வேலையை விட்டார்', 'ஓய்வு பெற்றார்', 'ஆள்குறைப்பு', 'வேலை இல்லை' என்று தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் யாரோ ஒரு கிளார்க் தட்டும் அந்த ஒரு குறிதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி சொல்லும். அல்லது உங்களுக்கு எதிராகச் சொல்லும். நீங்கள் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள்.

ஒரு கையெழுத்தின் விலை

2025 நவம்பர் 21-ந்தேதி முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆள்குறைப்புக்கு நஷ்டஈடு பழைய சட்டத்தில் இருந்த அளவிலேயே இதிலும் இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஆள்குறைப்புக்கு ஆளானவர் வேறு தொழில் கற்றுக்கொள்ள, முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட டெய்லர் ஆறு வருடம் வேலை செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஆள்குறைப்பு என்று காகிதம் கொடுத்து அனுப்பினால் என்ன வரும்?

நோட்டீஸ் சம்பளம் 15 ஆயிரம். வருடத்துக்கு 15 நாள் வீதம் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 45 ஆயிரம். புதுத் தொழில் கற்கும் நிதி 7 ஆயிரத்து 500. ஈ.எஸ்.ஐ. அடல் திட்டத்தில் 22 ஆயிரத்துச் சொச்சம். கூட்டிப் பார்த்தால் 90 ஆயிரத்தை நெருங்குகிறது.

ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால்? முதல் மூன்றும் கிடையாது. நான்காவது தகராறில் மாட்டும். ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி இரண்டு விதத்திலும் உண்டு. ஆறு வருடத்துக்கு அது ஏறக்குறைய 51 ஆயிரத்து 900 ரூபாய். பி.எப். பணமும் உண்டு. பாக்கிச் சம்பளத்தை, ராஜினாமாவானாலும் ஆள்குறைப்பானாலும், இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

ஆகவே, "கையெழுத்துப் போட்டால் செட்டில்மெண்ட் தருகிறோம்" என்று சொல்லிக் கொடுப்பது பல சமயங்களில் உங்களுக்கு எப்படியும் வர வேண்டிய பணம்தான். கையெழுத்துக்காகப் புதிதாக எதுவும் வருவதில்லை. போவதுதான் அதிகம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில்

கையெழுத்துப் போடாமல் நின்றவர்களும் உண்டு. 2020 ஜூன் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த யூரோ குளோதிங் கம்பெனி ஆலையில் 1,200-க்கு மேற்பட்டவர்களை லே-ஆப் செய்தார்கள். சட்டப்படி அனுமதி பெறாத நடவடிக்கை இது என்று கார்மெண்ட் அண்டு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் வாதாடியது. பெண்கள் வாரக்கணக்கில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பலர் நடுவில் பணம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவனமும் சங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழிலாளர்களை மறுபடி வேலைக்கு எடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. போராட்டம் ஆறு ஏழு மாதம் நீண்டது. அவ்வளவு நாள் தாங்குவதற்குக் கையில் ஏதாவது வேண்டும். வேலையின்மை உதவித்தொகை உரிய காலத்தில் வந்தால்தான் தொழிலாளி தன் நியாயத்துக்காகக் காத்திருக்க முடியும். வராவிட்டால் முதல் மாத வாடகையே அவரைப் பணிய வைத்துவிடும்.

பி.எப்.பிலும் காத்திருப்பு

பி.எப். விதியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முழுப் பணத்தையும் எடுக்கலாம். 2018 டிசம்பரில், ஒரு மாதம் கழிந்ததும் 75 சதவீதம், இரண்டு மாதம் கழிந்ததும் மீதி என்று மாற்றினார்கள்.

2025 அக்டோபர் 13-ந்தேதி பி.எப். மத்திய அறங்காவலர் குழு இன்னொரு முடிவெடுத்தது. 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். ஆனால் மீதிக் கால் பங்குக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் கணக்கில் உள்ளதை எடுக்க இரண்டு மாதம் என்றிருந்தது 36 மாதம் ஆகும். முதல் பகுதி தொழிலாளிக்கு நல்லது. இரண்டாவது பகுதியைக் கேட்டதும் 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பலருக்கு நினைவு வந்தது. மனுப் போடும் முன் அன்றைய தேதியில் எந்த விதி அமலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

விதி சரியாக இருந்தும் பணம் திரும்பிப் போவது உண்டு. நம்மவர்களுக்கு இதில் இரண்டு தனிக் கஷ்டங்கள்.

முதலாவது, இனிஷியல். ஆதாரில் 'லட்சுமி சீனிவாசன்', பி.எப்.பில் 'எஸ். லட்சுமி', பாங்கில் 'லட்சுமி எஸ்.' என்று இருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் இன்னும் சிக்கல். வேலையில் இருக்கும்போதே கம்பெனி மூலம் திருத்துவது சுலபம். வெளியே வந்த பிறகு, கேட்டில் நின்று கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவது, பாங்க். ஸ்டேட் பாங்க் ஆப் மைசூர் 2017-ல் ஸ்டேட் பாங்கோடு சேர்ந்தது. விஜயா பாங்க் 2019-ல் பரோடா பாங்கில் சேர்ந்தது. சிண்டிகேட் பாங்க் 2020-ல் கனரா பாங்கில் சேர்ந்தது. பழைய பாஸ்புக்கில் உள்ள கிளைக் குறியீட்டு எண்ணைக் கொடுத்திருந்தால் பணம் போன வழியே திரும்பிவிடும்.

இன்னொன்று. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பி.எப். கணக்கில் பதியாவிட்டால் மனு ஏறாது. 2020 ஜனவரி முதல் தொழிலாளியே அந்தத் தேதியைப் பதியலாம். ஆனால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அங்கேயும் ஒரு காத்திருப்பு!

கிளார்க்குகளுக்கு

21 ஆயிரத்துக்கு மேல் சம்பளம் வாங்கும் ஆபீஸ் ஊழியர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. அவர்களில் சிலர் வீட்டுக் கடன் வாங்கும்போது, "வேலை போனால் தவணையை நாங்கள் கட்டுவோம்" என்று ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியைச் சேர்த்து விற்கிறார்கள். இதை நம்பித் தூங்கிவிடக் கூடாது. பொதுவாக இது இரண்டு மூன்று தவணைக்குத்தான் வரும். பாலிசி எடுத்த முதல் சில மாதத்துக்குள் வேலை போனால் கிடைக்காது. வேலை போன பிறகும் ஒரு காத்திருப்பு உண்டு. ராஜினாமா, வேலைத் திறன் போதவில்லை என்று நீக்கம், பயிற்சிக் காலம், ஒப்பந்த வேலை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. பாலிசியில் 'விலக்குகள்' என்ற தலைப்பில் பொடி எழுத்தில் உள்ளதை முதலில் படியுங்கள்.

கேட்ட பணத்தை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அந்த அலுவலகம் நமக்கு அருகில்தான் இருக்கிறது, ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடம். கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். கம்பெனியின் மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

வேலையில் இருக்கும்போதே ஈ.எஸ்.ஐ. எண், பி.எப். யு.ஏ.என். எண் இரண்டையும் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். ஆதார், பாங்க், ஈ.எஸ்.ஐ., பி.எப். நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதத்தை நீட்டினால், "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் கேட்பது குற்றம் அல்ல. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'சொந்தக் காரணம்' என்ற சொல் இருந்தால் உஷார். வேலை இல்லை என்று கம்பெனி அனுப்புகிறதென்றால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையெழுத்தை மிரட்டி வாங்கியிருந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். மறுநாளே, "நானாக ராஜினாமா செய்யவில்லை, கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் வார்த்தையை விட, மறுநாள் போட்ட தபாலுக்கு மதிப்பு அதிகம். பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனில் உள்ள தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். நாள் கடத்தக் கூடாது. பழைய சட்டத்தில் மூன்று வருடமாக இருந்த கெடு புதிய சட்டத்தில் இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனுவை மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "இல்லை, போ" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது. அடுத்தது பின்னிபேட்டையில் உள்ள மண்டல அலுவலகம். அதற்கும் மேலே ஈ.எஸ்.ஐ. கோர்ட் உண்டு. பி.எப். குறைகளுக்கு மாதந்தோறும் 27-ந்தேதி 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைகேட்பு முகாம் நடக்கிறது.

மருத்துவத்தையும் மறக்காதீர்கள். வேலை போன அன்றே ஈ.எஸ்.ஐ. வைத்தியம் நின்றுவிடும் என்று பலர் நினைத்து, தனியார் ஆஸ்பத்திரியில் கடன்பட்டுச் செலவழிக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் உண்டு. வேலை போனாலும் அந்தக் காலம் முடியும் வரை கார்டு செல்லும்.

பின்னி மில் நினைவு

ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகம் இருக்கும் இடத்துக்குப் பின்னி பீல்ட்ஸ் என்று பெயர். பின்னி மில் என்றால் பழைய தலைமுறைக்குத் தெரியும். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த நம் முன்னோர்கள் பலருக்குப் பெங்களூரில் சோறு போட்ட ஆலை அது. சங்கு ஊதினால் ஒரு பேட்டையே எழுந்து நடக்கும். அந்த மில் இன்று இல்லை. மூடிய ஆலையின் பெயரைத் தாங்கிய இடத்தில் நின்றுகொண்டுதான், இன்றைய தொழிலாளி வேலை போனதற்கு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

பின்னி மில்காரர்களுக்கு ஆலை வாசலில் சங்கம் இருந்தது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். இன்றைய கார்மெண்ட்ஸ் லைனில் பல இடங்களில் அந்த ஆள் இல்லை. பக்கத்து மிஷினில் இருக்கிறவர்தான் இருக்கிறார். ஆகவே, இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது சொல்லுங்கள். "அக்கா, ஆபீசுக்குக் கூப்பிட்டால் என்னையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

முப்பது நாள் காத்திருப்பைக் குறைப்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அந்தக் காத்திருப்பின் முடிவில் பணம் வருமா வராதா என்பது, கடைசி நாளில் நாம் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில் பெரும்பகுதி இருக்கிறது.